ஒன்றே கால் மணிப் பாடு

என் வீட்டுக்காரரோடு எங்கே கிளம்பினாலும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததே கிடையாது. கல்யாணத்துக்குப் போனால் பந்தல்காரனுக்கு முன்னால் போய் நிற்போம். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு போய் நிற்போம். நடுவில் சரியான நேரம் என்று ஒன்று இருப்பதை அந்த மனுஷனுக்கு இருபத்தாறு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். மத்தியான மணி அடிக்கும்போது சோறும் சாம்பாரும் தயாராக இருக்க வேண்டும். முன்னாடி இறக்கினால் ஆறிப்போகும். பின்னாடி இறக்கினால் பிள்ளைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்துவிடும். எனக்குக் கடிகாரம்தான் எஜமான். அவருக்குக் காற்றும் தண்ணீரும். இரண்டு பேருக்கும் ஒரே வீட்டில் குடித்தனம்.

எங்களுக்கு ஒரே மகள். பொன்னேரியில் காலேஜ் முடித்தாள். மெட்ராஸைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய தீம் பார்க்கில், உள்ளே இருக்கும் ரெஸ்டாரண்டில் வேலைக்குச் சேர்ந்தாள். தங்குவது அங்கேயே ஹாஸ்டலில். அவள் சொன்ன அன்றைக்கு இவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "ஊரான் எச்சித்தட்டு எடுக்கவா உன்ன காலேஜுக்கு அனுப்பிச்சேன்?" என்று கேட்டார். அவள் "நான் தட்டு எடுக்கல, நைனா" என்று சொல்லச் சொல்ல வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் எட்டு மாதம் அவர் அவளிடம் நேராகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்வாள். நான் ஸ்பீக்கரில் போடுவேன். இவர் முழங்கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "தொண்டை கட்டினு கீதே, மருந்து சாப்ட்டாளானு கேளு" என்பார். அவளும் அந்தப் பக்கத்திலிருந்து, "சாப்ட்டேன்னு சொல்லும்மா" என்பாள். அவர் சொன்னது அவளுக்குக் கேட்கும், அவள் சொன்னது அவருக்குக் கேட்கும், நடுவில் நான் என்னத்துக்கு? ஒருநாள் கோபத்தில் போனை உலைப்பானை மூடிமேல் வைத்துவிட்டுக் கருவாடு திருப்பப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேரும் பேசாமல் போன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இதை முடித்துவைக்கத்தான் அவள் அந்த ஏற்பாட்டைச் செய்தாள். வேலை பார்ப்பவர்களின் அப்பா அம்மா ஒருநாள் பார்க்குக்குள் வந்து போக பாஸ் தருவார்களாம். அவள் வேலை பார்க்கும் ரெஸ்டாரண்டில் மூன்று பேருக்கு மேஜை பதிவு செய்துவிட்டாள். மணி ஒன்றே கால். "என் சாப்பாட்டு பிரேக்க அந்த டைமுக்கு மாத்தி வாங்கிக்கினேன்மா. அரை மணி நேரம் உங்களாண்ட உக்காந்து சாப்புடுவேன். நைனா ஒரு வாட்டி வந்து நான் இன்னா வேல செய்றேன்னு கண்ணால பாத்தா போதும்" என்றாள். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் யாருக்கும் மேஜை வைத்திருக்க மாட்டார்கள், லேட் பண்ணிடாதீங்க என்றும் சொன்னாள். இதையெல்லாம் இவரிடம் மூன்று தடவை சொன்னேன். வலை ஊசியை வாயில் கவ்விக்கொண்டு தலையை ஆட்டினார். காதில் போட்டுக்கொண்டாரா என்பது வேறு விஷயம்.

ஒன்றே கால் சாப்பாட்டுக்கு அன்றைக்கு நாங்கள் விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஷேர் ஆட்டோ, பொன்னேரி பஸ், மின்சார ரயில், அப்புறம் இன்னும் இரண்டு பஸ். ஒன்பது மணிக்கெல்லாம் பார்க் வாசலில் நின்றோம். கேட்டே திறக்கவில்லை. வாட்ச்மேன் எங்களைத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்று நினைத்துப் பின்பக்கம் போகச் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவர் மட்டும் முதல் ஆளாக வந்துவிட்ட திருப்தியில் பீடியைத் தேடினார். அதையும் வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொண்டார்.

உள்ளே விட்டதும் மற்ற ஜனமெல்லாம் ராட்டினத்துக்கும் சறுக்குக்கும் ஓடியது. இவர் நேரே ரெஸ்டாரண்டைக் கேட்டு வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மணி பத்தே கால். கதவு பூட்டியிருந்தது, நாற்காலிகளைக் கவிழ்த்துப்போட்டிருந்தார்கள். "இன்னாய்யா, மூணு மணி நேரம் கீது. ஒரு சுத்து சுத்திட்டு வரலாம் வா" என்றேன். "எடத்த வுட்டுட்டு எங்க போறது?" என்றார். இந்த இடம் எங்கே ஓடிப்போகும் என்று கேட்டேன்.

அவர் ஏன் அப்படி உட்கார்ந்தார் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியில் வலை போட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு வரும் நாளில் அந்த இடத்தில் கம்பு நட்டு ஒரு துணியைக் கட்டிவிட்டால் போதும், சாயங்காலம் வரை அந்தத் தண்ணீர் உன்னுடையது. நீ வீட்டில் தூங்கினாலும் வேறு ஒருத்தன் அங்கே வலையை நனைக்க மாட்டான். எங்கள் குப்பத்தில் இந்த முறையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் இவர்தான். ஒரு தடவை இவருடைய சொந்தத் தம்பி தன் பாட்டைத் தவறவிட்டு, மறுநாள் அடுத்தவன் பாட்டில் போய் வலை விரித்துவிட்டான். இவரே படகு எடுத்துப் போய் அந்த வலையைச் சுருட்டிக்கொண்டு வந்து கரையில் போட்டார். ஒரு வருஷம் அண்ணன் தம்பி பேச்சில்லை. நான் அழுது கேட்டதற்கு, "தம்பின்னா தண்ணி வேறயா?" என்றார். நல்ல மனுஷன்தான். வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் கஷ்டம்.

பன்னிரண்டு மணிக்கு ரெஸ்டாரண்டைத் திறந்தார்கள். கண்ணாடிக்குள்ளே கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு எங்கள் மகள் நின்றாள். எங்களைப் பார்த்ததும் கையை இடுப்புக்குக் கீழே வைத்து, யாரும் பார்க்காதபடி, சின்னதாக ஆட்டினாள். இவர் பார்க்காத மாதிரி பார்த்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, எழுந்து போய் தோளில் கிடந்த பச்சைத் துண்டை வாசல் கம்பியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். "ம், இப்ப வா. சுத்திப் பாக்கலாம்" என்றார். "அங்க துண்டெல்லாம் எடுபடாதுய்யா" என்றேன். "நீ கம்முனு வாமே" என்றார்.

போன இடம் அலைக் குளம். சிமென்ட் கரை, நீலத் தண்ணீர், ஒரு சங்கு ஊதியதும் மோட்டாரில் அலை வரும். இவர் அதைப் பார்த்து நின்றவர் நின்றவர்தான். "இது இன்னா அலை, ஒண்ணு மாதிரியே ஒண்ணு வருது?" என்றார். இறங்கிப் பார்க்க வேண்டுமாம். லுங்கியோடு இறங்கக் கூடாது என்றார்கள். வாடகைக்கு ஒரு நைலான் கால்சட்டை எடுத்து, அதற்குள் நுழைந்து வர இருபது நிமிஷம். அவர் லுங்கியையும் என் பையையும் அதற்குள் இருந்த போனையும் சேர்த்து லாக்கரில் வைத்துப் பூட்டினோம்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. முப்பத்தைந்து வருஷமாக ஏரியிலும் கடலிலும் போய் வருகிற ஆளைப் பார்த்து, குளத்து மேட்டில் நின்ற காவல்காரர் விசில் ஊதினார். "அங்கிள், டீப் போகாது, அலை இழுக்கும்!" மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கரையேறி அந்த ஆளிடம் போய், அலை எங்கே உடையும், உள்ளிழுப்பு எங்கே இருக்கும் என்று கையை வீசி விளக்க ஆரம்பித்துவிட்டார். அவரும் பாவம், ஊருக்குப் புதியவர், இந்திக்காரர் போலிருக்கிறது, எல்லாவற்றுக்கும் "ஓகே அங்கிள்" என்றார். மூன்று தடவை சங்கு ஊதியது. மூன்று தடவையும் இவர் இறங்கிக் காட்டினார்.

"மணி ஒண்ணாவுது" என்று கத்தினேன்.

"துண்டு கட்டிக்கீதுல்ல!"

"பொண்ணு உனக்காக சாப்புடாம நிக்கும்யா!"

"நம்ம பாடுமே. எவன் வந்து தொடுவான்?"

ஊரே திரும்பிப் பார்த்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன், ஆனால் நானும் முழங்கால் வரை நனைந்திருந்தேன், அந்தச் சிமென்ட் வழுக்கியது. ஒரு வழியாக அவர் கரையேறி, லாக்கர் சாவியைத் தொலைத்து, அது அவர் கையிலேயே மாட்டியிருந்ததைக் கண்டுபிடித்து, லுங்கி கட்டி, கால்சட்டையைத் திருப்பிக் கொடுத்து முடித்தபோது மணி ஒன்று நாற்பது. போனில் ஏழு அழைப்புகள், ஏழும் அவளுடையவை. அந்த நிமிஷம் அந்த மனுஷனை அப்படியே விட்டுவிட்டு ரயிலேறிவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன்.

வாசல் கம்பியில் துண்டு இல்லை. மகள் அதை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். கண்ணாடிக்குள்ளே, ஜன்னலோர மேஜையில், யாரோ ஒரு குடும்பம் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தது.

இவர் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, நான் நடுவில் இல்லாமல். "ஒன்றரை வரிக்கும் அந்த டேபிள்லயே உக்காந்துக்கினு இருந்தேன், நைனா. அப்பறம் அடுத்த பேரைக் கூப்ட்டுட்டேன்."

"துண்டு இருந்துச்சில்ல?"

"துண்டு இருந்துச்சி. நீ இல்ல."

இவர் அங்கேயே கத்தப் போகிறார், இத்தனை நாள் காத்திருந்த சமாதானம் இந்த வாசலிலேயே முடிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அதற்குள் மேனேஜர் வெளியே வந்தார். இவர்கள் உன் அப்பா அம்மாவா, முதலிலேயே சொல்ல வேண்டாமா, உள்ளே ஒரு மேஜை போடச் சொல்கிறேன் என்றார். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். ஒரு கைக்குழந்தைக்காரி, கால் வலியோடு ஒரு பெரியவர், இன்னும் சிலர்.

"வேணாம் சார். இவங்கள்லாம் முன்னாடியே வந்து வெயிட் பண்றாங்க. அப்பா பேரைக் கடைசில போட்டுருக்கேன். மூணு மணி ஆவும்" என்றாள். துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெற்ற அப்பனுக்கு இல்லாத சட்டமா என்று எனக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது. நாலு மணிக்குக் குடித்த டீயோடு இருக்கிறேன், எனக்காகவாவது ஒரு மேஜை போட்டிருக்கலாம். இவர் போய் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தார். கைக்குழந்தைக்காரிக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையில் இருந்த பலகை மாதிரியான கம்ப்யூட்டரைப் பார்ப்பாள், ஒரு பெயரைக் கூப்பிடுவாள், கூட்டிப் போய் உட்கார வைப்பாள், திரும்பி வருவாள். விறைப்பாகப் பேசிய ஒரு ஆளிடமும் குரலை உயர்த்தாமல் மாட்டேன் என்றாள். தட்டு ஒன்றைக்கூட அவள் தொடவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, "இன்னாமே, இவ இங்க பாடு பாக்குறா" என்றார்.

இதைத்தான் எட்டு மாதமாக நான் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஏறவில்லை. என்னைப் பட்டினி போட்டால்தான் ஏறுமா என்று கேட்டேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றேகாலுக்கு அவள் வாசலில் நின்று, மற்றவர்களைக் கூப்பிட்ட மாதிரியே, இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இவர் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல் எழுந்து நின்றார். சமையலறைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் மேஜை. மீன் வறுவல் தீர்ந்துவிட்டிருந்தது. ஆறிப்போன பிரியாணியும் தயிர்ப்பச்சடியும் இருந்தன. எனக்கு அதுவே தேவாமிர்தமாக இருந்தது, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

அவள் தண்ணீர் வைக்க வந்தாள். இவர் ஒரு வாய் எடுத்தவர், அவளை நிமிர்ந்து பார்த்து, என்னைக் கேட்காமல், நேராகக் கேட்டார்.

"நீ சாப்ட்டியாம்மா?"

"என் பிரேக் ஒன்னே காலுக்கு, நைனா. அது முடிஞ்சி போச்சி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கூப்பிட அடுத்த பெயர் இருந்தது, போய்விட்டாள்.

எடுத்த கவளத்தை அவர் தட்டிலேயே வைத்துவிட்டார். நான் எவ்வளவோ சொன்னேன், வீணாக்காதே, அவளுக்கு அது இன்னும் கஷ்டமாகிவிடும் என்றேன். மனுஷன் அதற்கப்புறம் ஒரு பருக்கை தொடவில்லை. பொன்னேரி வரும் வரை ரயிலில் அந்தத் துண்டை மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டே வந்தார்.

இப்போது அவள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை லீவில் வீட்டுக்கு வருகிறாள். ஒரு மணிக்கு வந்துவிடுவேன் என்பாள். பொன்னேரி பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது, இரண்டு ஆகும், இரண்டரை ஆகும். இவர் பன்னிரண்டு மணிக்கே கை கழுவிவிட்டு மூன்று தட்டையும் எடுத்து வைத்து உட்கார்ந்துவிடுவார். அவள் வரும் வரை சோற்றில் கை வைக்க மாட்டார். மீன் குழம்பு ஆறுகிறது என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். அவர் சாப்பிடாமல் நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? அப்பனும் மகளும் சமாதானமாகிவிட்டார்கள், பசி மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது.