யார் கொடுத்த பெத்தனம்?

எழுபதுகளின் தொடக்கம். கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு, தண்டவாள ஓரமாக வடக்கே நடந்துகொண்டிருந்தேன். ஐந்தாவது வரை படித்தவன். எந்த வேலையிலும் மூன்று மாதம் தங்கியதில்லை. ஆரம்பாக்கம் ஸ்டேஷனை அடைந்தபோது, சாப்பிட்டு ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

பிளாட்பாரத்தில் பழவேற்காட்டு ஏரிப் பக்கத்து அம்மாள் ஒருவர் உயிர் நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். மேலே ஈர வைக்கோல். என் முகத்தைப் பார்த்ததுமே தூக்குவாளி மூடியில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார்.

"இத்த வித்துத்தான் வலைக்கு நூலு வாங்கணும் தம்பி. இல்லாங்காட்டி எங்க ஊட்டுக்காரரு சும்மா குந்திக்கினு இருக்கணும்."

மெட்ராசுக்கு நண்டு அனுப்பும் வியாபாரி வந்து விலை கேட்டார். அம்மாள் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். வியாபாரி போய்விட்டுத் திரும்பி வந்து கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். அதற்கும் பேச்சில்லை. பாவம், பேரம் பேசத் தெரியவில்லை என்று நினைத்து நான் எழுந்தேன்.

"இன்னா சார், படிக்காத பொம்பள. வெயில்ல நண்டு செத்துப்போச்சுன்னா இந்தம்மா இன்னா பண்ணும்? நீங்களே பார்த்து ஏதோ போட்டுக் குடுங்க."

வியாபாரி சிரித்தார். முதலில் கேட்டதைவிடக் குறைவாகச் சொன்னார். வண்டி வந்துவிட்டது. அம்மாள் வாய் திறப்பதற்குள் நானே கூடையைத் தூக்கி வியாபாரியின் கூலியாள் தலையில் வைத்துவிட்டேன். விற்பவர் தரப்பில் ஒருவர் கூடையைத் தூக்கிவிட்டால் பேரம் முடிந்தது என்பது அங்கே வழக்கம். எனக்கு அது தெரியாது.

"நல்லாப் பேசற நைனா. நாளைக்கு வா, வேலை இருக்குது" என்று வியாபாரி காசை அம்மாள் மடியில் போட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

அம்மாள் கத்தவில்லை. "நண்டு ராத்திரி வரைக்கும் உசுரோட கெடக்கும். வண்டியப் புடிக்கணும்னு அவசரம் அவனுக்கு, எனக்கு இல்ல. வண்டி ஊதற வரைக்கும் நான் வாயத் தொறக்கலன்னா அவனே ஏறி வருவான். உனக்கு யாருப்பா குடுத்தது இந்தப் பெத்தனம்?"

அந்தச் சொல் எனக்குப் புதிது. அப்படின்னா இன்னா என்று கேட்டேன், வெட்கமில்லாமல்.

"தெலுங்குல 'பெத்த'ன்னா பெரியவரு. ஊட்டுக்குப் பெரியவரு நாலு பேருக்காகப் பேசறாரே, அதான் பெத்தனம். நாங்களா உக்கார வெச்ச ஆளு அவரு. நஷ்டம் வந்தா அவரு தலையில. நீயா எனக்கு நூலு வாங்கித் தரப்போற?"

தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

இன்றும் ஒருவரைப் பார்த்து "பாவம்" என்று சொல்ல வாயெடுத்தால் கூசுகிறது. ஆனால் மறுநாள் காலை பசிக்கு நான் போய்ச் சேர்ந்தது அந்த வியாபாரியிடம்தான். கூடை ஏற்றுகிற வேலை. அந்த அம்மாள் அன்று வரவில்லை; என்னால் குறைந்த காசு நூலுக்குப் போதாமல் வலை சும்மா கிடக்கும் என்பது அந்தப் பிளாட்பாரத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.