ஸ்டெப்னிக்கு ஒரு மாற்று

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் அவளுக்கு ஸ்டெப்னி என்று பேர். யாருக்காவது மூச்சு வாங்கினால் இவள் இறங்குவாள். அவர்கள் தண்ணீர் குடித்துத் தெம்பாகி வந்ததும் பெஞ்சுக்குத் திரும்பிவிடுவாள். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். அம்மாவுக்கு முடியவில்லையா, அடுப்படிக்கு இவள். அண்ணன் கடையில் ஆள் வரவில்லையா, கல்லாவுக்கு இவள். இவளுக்கு முடியாமல் போனால் யார் என்று ஒருவரும் யோசித்ததில்லை. இவளே யோசித்ததில்லை, அதுதான் கொடுமை.

ஆசையென்று இருந்தது ஒன்றே ஒன்று. கடைசி விசில் ஊதும்போது களத்தில் நிற்க வேண்டும். ஆட்டம் முடியும் நேரத்தில் கோச் எப்போதும் கேப்டனைத்தான் திரும்ப இறக்குவார். இது இறுதியாண்டு, கடைசி ஆட்டம். இனி வாய்ப்பே கிடையாது.

அன்று ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. கேப்டன் ஃபவுலுக்கு மேல் ஃபவுல் வாங்கி ஒரேயடியாக வெளியேறினாள். இடைவேளையிலிருந்து ஸ்டெப்னிதான் ஓடுகிறாள். பெஞ்சில் மிச்சமிருந்தது இதுவரை களமே இறங்காத முதலாண்டுப் பெண் ஒருத்தி. எதிரணிக்கோ ஆள் பஞ்சமில்லை. மாறி மாறி இறங்கியவர்கள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

ஒரே ஒரு புள்ளி முன்னிலை. "தாங்குவியாம்மா?" என்று கோச் கத்தினார்.

"தாங்குவேன் சார்" என்றது வாய், பழக்கதோஷம். உடனே எதிரணிப் பெண் ஒருத்தி அவளைத் தாண்டிப் பறந்தாள். இவள் கால் நகரவே இல்லை. பந்து வளையத்தில் பட்டு, இவர்கள் அணியில் ஒருத்தியின் கையை உரசிக்கொண்டு வெளியே போனது, ஏதோ செய்த புண்ணியம். ஆட்டம் நின்றது.

அவள் கையைத் தூக்கினாள். "சார், என்னால முடியல. மாத்துங்க."

கோச்சுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "முடியப்போற நேரத்துலயா?"

"அதனாலதான் சொல்றேன். அவளை விடுங்க."

முதலாண்டுப் பெண்ணுக்கு முகம் வெளுத்தது. "அக்கா, பயமா இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு. போ, உன் காலாவது ஓடும்."

ஓடியது. எதிரணிப் பெண் எந்தப் பக்கம் திரும்பினாலும் குறுக்கே போய் நின்றது. பந்தை எறிய வழியில்லாமல் அவள் தடுமாறும்போதே விசில் ஊதிவிட்டது.

எல்லோரும் களத்துக்குள் பாய்ந்தார்கள். ஸ்டெப்னியால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். கேப்டன் மட்டும் வந்து தோளில் கை வைத்தாள். "கடைசி வரைக்கும் நிக்க முடியலையேன்னு அழறியாடி?"

அதுவும்தான். ஆனால் தனக்குப் பதிலாக இன்னொருத்தி ஓடி, இவள் இதற்குமுன் பார்த்ததே இல்லை.