கர்த்தர் வருகிறார் என்று விதைக்காமல் விட்ட நிலம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் செய்ததை மூடிவைத்தால் நான் மனுஷியே இல்லை. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. ஆடிக் கடைசியில் நல்ல மழை பெய்து, குருபரப்பள்ளிச் சுற்றுவட்டாரமே ஏர் பூட்டி நின்றது. என் வீட்டுக்காரர் ஞானமுத்து மட்டும் கலப்பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்.

காரணத்தைக் கேளுங்கள். முந்தின வாரம் எங்கள் சபையில் மூன்று நாள் தீர்க்கதரிசனக் கூட்டம் நடந்தது. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், துணியில் வரைந்த பெரிய சிலையைச் சுவரில் தொங்கவிட்டார். பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால், பாதத்தில் இரும்பும் களிமண்ணும். ஒவ்வொரு பாகமும் ஒரு ராஜ்யமாம்; எந்த ராஜ்யம் எழும்பும், எது விழும் என்று நடப்பதற்கு முன்னமே தானியேலுக்குத் தேவன் காட்டினாராம். சிதறிப்போன யூத ஜனங்கள் சொந்த தேசத்துக்குத் திரும்பிக்கொண்டிருப்பதும் கர்த்தரின் வருகைக்கு அடையாளம் என்று வேதத்திலிருந்து எடுத்து விளக்கினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீட்டியிருந்த காலை மடக்கி உட்கார்ந்துகொண்டேன்.

பிரசங்கியார் நாள் எதுவும் குறிக்கவில்லை. அதைக் குறித்தது என் வீட்டுக்காரர். விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "தை பொறக்கறதுக்குள்ள அவரு வந்துருவாரு புள்ள. வெதச்சா அறுக்கறது யாரு?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "அவரு வர்ற வரைக்கும் மூணு புள்ளைங்களும் வாயக் கட்டிக்கிட்டா இருக்கும்? களிக்கு என்னாத்த கிண்டறது, உங்க தலையவா?" என்று வாசலில் நின்று கத்தினேன். அவரும் கத்தினார். கடைசியில், "உனக்கு விசுவாசம் பத்தாது" என்று ஒரு வார்த்தை சொன்னார். ஒருவேளை உண்மையிலேயே எனக்கு விசுவாசம் இல்லையோ? அந்தப் பயத்தில் பிறகு நான் வாயே திறக்கவில்லை.

எங்களுக்கு இருந்தது இரண்டு ஏக்கர், வானம் பார்த்த பூமி. அதில் விளையும் கேழ்வரகுதான் வருஷம் முழுக்கச் சாப்பாடு. விதைக்கு வைத்திருந்த ஆறு வள்ளம் தானியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துத் தின்று தீர்த்தோம். அடுக்குப்பானை காலியானது. ஊரார் நிலமெல்லாம் பச்சை பிடித்தது. எங்கள் நிலத்தில் கோரைப்புல். சின்னவள் பசியில் அழுதாள். பொறுக்கமாட்டாமல் ஒரு சனிக்கிழமை போதகர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவர் யாரையும் திட்டவில்லை. "நாளைக்கு ரெண்டு பேரும் ஆராதனைக்கு வாங்கம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேசியது எரேமியாவைப் பற்றி. எருசலேமைச் சத்துருக்கள் சுற்றி வளைத்திருக்கிறார்கள். உள்ளே பஞ்சம். நகரம் விழும் என்று சொன்னதே எரேமியாதான்; அப்படிச் சொன்னதற்காகத்தான் காவலில் கிடக்கிறார். அந்த ஆளைப் பார்த்து, ஒரு நிலத்தை வாங்கு என்கிறார் தேவன்! அவரும் வாங்கினார். பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்பது கர்த்தர் கொடுத்த வாக்கு.

"முடிவு தெரிஞ்ச மனுஷன் நிலம் வாங்கினான். நமக்கு அந்த நாளும் தெரியாது, நாழிகையும் தெரியாது. நாம எப்படி வேலையை நிறுத்தறது?" என்று போதகர் கேட்டார். என் வீட்டுக்காரர் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து நேராக நிலத்துக்குப் போனோம். அந்தக் கோரைக்கு நடுவில் இருவரும் முழங்கால் போட்டோம். "ஆண்டவரே, நீர் வச்சிருக்கற நாள நான் எண்ணப் பாத்தேன். தப்பு என்னுது. புள்ளைங்கள பட்டினி போடாதேயும்" என்று அவர் ஜெபித்தார். நான் ஆமென் என்றேன். ஆவணி பாதிக்கு மேல் போயிருந்தது. கையில் விதை கிடையாது. கிடைத்தாலும் பருவம் தப்பிவிட்டது, இனி விதைத்துப் பயன் இல்லை.

மறுநாள் காலையில் திம்மராயண்ணன் வந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணற்றுத் தோட்டம் வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரும் அல்ல. "ஏம்மா, ராகி நாத்து பாதிக்கு மேல மிஞ்சிப்போச்சு. மாட்டுக்குப் போட மனசு வரல. புடுங்கிக்கிறீங்களா?" என்றார்.

"எத்தன நாள் நாத்துங்கண்ணா?" என்று கேட்டேன்.

"இருவத்தஞ்சு நாளாச்சு, நடற பதந்தான். அதான், நீங்க ரெண்டு பேரும் வாசல்ல நின்னு சண்டை போட்டீங்களே, அன்னிக்குத்தான் நாத்தங்கால்ல வெதச்சேன். உங்க சத்தத்தக் கேட்டுக்கிட்டே வீசினதுல கை ஜாஸ்தியா போயிடுச்சு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் ஜெபித்தது நேற்று. நாற்றுக்கு வயது இருபத்தைந்து நாள்! வாயில் வந்ததையெல்லாம் நான் கொட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அந்தச் சத்தத்தை வைத்தே, என் பிள்ளைகளின் சோற்றுக்கு ஆண்டவர் விதை தூவியிருக்கிறார். கூப்பிடுமுன்னே பதில் கொடுப்பேன் என்று ஏசாயா மூலம் அவர் சொன்னதைப் பிரசங்கத்தில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. உழுது நட்டோம். முக்கால் நிலத்துக்கு நாற்று வந்தது, மிச்ச மூலையில் கொள்ளு தூவினோம். மார்கழியில் அறுத்தோம். முதல் மூட்டையைச் சபைக்குக் கொடுத்தோம். திம்மராயண்ணனுக்கும் ஒரு பங்கு கொண்டுபோனேன். "உங்க சண்டைக்கு எனக்கு எதுக்கும்மா கூலி?" என்று வாங்க மறுத்தார். நான் விடவில்லை.

தை பிறந்தது. ஆண்டவர் இன்னும் வரவில்லை. வருவார், அதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. என் வீட்டுக்காரர் விரலை மடக்கி எண்ணுவதை மட்டும் விட்டுவிட்டார். நானும் கொஞ்சம் சத்தத்தைக் குறைத்திருக்கிறேன், கொஞ்சம்தான். இதைக் கேட்கிற சகோதரனே, சகோதரியே, உங்கள் பானை காலியாக இருந்தால் இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கும் முன்னே அவர் தொடங்கியிருப்பார். அவர் வருகிற நாளில் நாங்கள் களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்தால், கையிலுள்ள தூசியைத் தட்டிவிட்டு அப்படியே எழுந்து போவோம்.