அம்மா கடித்த கேரட்

மகள் வளர்க்கும் கினிப்பன்றிகள் இரண்டும் நேற்றிலிருந்து காய்ந்த புல்லையும் தொடவில்லை, கேரட்டையும் தொடவில்லை. கடையில் வாங்கும் தீனிதான் வேண்டுமாம். புல் தின்னாவிட்டால் வயிறு கெட்டுச் செத்துப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எரிச்சலில் அந்தக் கேரட்டை நானே கடித்தேன். கறுக்கென்ற சத்தத்தில் எங்கள் பழைய பென்னலூர் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அம்மாவுக்குக் கம்பெனியில், அசெம்ப்ளி லைனில் காலை ஷிப்ட். கேன்டீனில் போடும் கேரட் துண்டுகளை டிபன் பாக்ஸில் கொண்டுவருவாள். நான் காய் என்றாலே துப்புகிறவன். அவள் கெஞ்ச மாட்டாள். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி கடிப்பாள்.

"எனுக்கும்மா."

"போடா, லைன்ல நின்னு நின்னு பசி. உனுக்குக் கெடயாது."

பிடுங்கித் தின்பேன்.

இப்போது நானும் கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கடித்தேன். பின்னால் கீச்கீச்சென்று கேட்டது. மீதியைப் புல்லுக்குள் செருகினேன். இரண்டும் மூக்கை நுழைத்துக் கேரட்டோடு புல்லையும் மென்றன.

உடனே அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். சிரித்தாள்.

"எனுக்குக் கேரட் வாசனையே ஆகாதுடா. நீ புடுங்கினு போனதும் ஓடிப்போய் வாய் கொப்பளிப்பேன்."