வெப்பக் கடத்தலும் என் கணவரும்

உடுவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டுதான் நான் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். போன சித்திரையில் என் கணினி ஒரு புதுப் பழக்கம் பழகியது. முடித்த வீடியோவை ஒரே கோப்பாக்கக் கொடுத்தால் பாதிவழியில் சூடேறி, சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். தொண்டைமானாற்றுக் கலியாணம் ஒன்று மூன்று நாளாகத் தாலி கட்டும் இடத்தைத் தாண்டவில்லை. பெண்ணின் தாய் காலையும் மாலையும் தொலைபேசியில் வந்தார்.

"பிள்ளை, தாலி கட்டியாச்சோ?"

"இன்னும் இல்லை அன்ரி."

புரொசெசரின் மேல் இருந்த சின்ன விசிறி போதாது, நல்ல கூலர் ஒன்று வேண்டும் என்று முடிவானது. முடிவெடுத்தவர் நோர்வேயில் இருக்கும் என் அண்ணை. வருடத்தில் பாதியைப் பனியில் கழிப்பவருக்கு யாழ்ப்பாணத்து வெக்கையைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை.

"தங்கச்சி, தண்ணியிலை ஓடுற கூலர் வாங்கு. மற்றதெல்லாம் குப்பை."

"ஒழுகினால்?"

"ஒழுகாது. ஒழுகினாலும் புதுக் கொம்பியூட்டர் வாங்கலாம்தானே."

என் கணவர் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவர். வெப்பக் கடத்தல் அவருக்கு மனப்பாடம். "தண்ணி ஒண்டும் வேண்டாம், காத்துக் காணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வாங்கும் வேலையை என்னிடம் விட்டார்.

சுன்னாகத்துக் கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது ஏழு நிறத்திலை எரியும் அக்கா."

"சூடு குறையுமோ?"

"வடிவாயிருக்கும்."

நான் அதை விட்டுவிட்டு, இருந்ததிலேயே உயரமான, இரண்டு விசிறி வைத்த உலோகக் கோபுரத்தை எடுத்தேன். கணினிப் பெட்டியைத் தையல் நாடாவால் அளந்துகொண்டுதான் போயிருந்தேன். என்னளவுக்கு நானும் விஞ்ஞானிதான்.

சனிக்கிழமை காலை கணவர் பூட்ட உட்கார்ந்தார். கூடவந்த விளக்கத்தாளை நான் விரித்தேன்.

"உதை அங்காலை வையும். இதுக்கெல்லாம் பேப்பர் பாக்கிறதோ?"

வைத்தேன். சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசையைத் தடவினார், கூலரை வைத்து முறுக்கினார். பெட்டியின் பக்கமூடியைப் போடப் பார்த்தால், கோபுரம் இரண்டு விரல் வெளியே நின்றது.

"பெட்டியை வெளியாலை அளந்தனீரோ?"

"ஓம்."

அன்று மத்தியானம் அவர் மிகவும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

கணினியை ஓடவிட்டோம். பழைய சின்ன விசிறியோடு தொண்ணூற்றைந்து பாகை காட்டியது, புதுக் கோபுரத்தோடு தொண்ணூற்றெட்டுக்கு ஏறி அணைந்தது. காட்டுகிற கணக்குப் பிழை என்றார் கணவர். பிறகு வெயிலைக் குற்றம் சொன்னார். அண்ணையிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: "நான் அப்பவே சொன்னனான்." எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. தாலியோ இன்னும் ஐயரின் தட்டிலேயே இருந்தது.

மறுநாள் காலை கணவர் ரியூசன் வகுப்புக்குப் போன பிறகு, விளக்கத்தாளை எடுத்துப் படித்தேன். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை உரிக்கும்படி முதற்படமே சொன்னது. கண் தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று பெரிய சிவப்பு அம்புக்குறி வேறு. திருகாணிகளைக் கழற்றிக் கூலரைத் தூக்கிப் பார்த்தேன். தாள் அப்படியே இருந்தது. 'பூட்டுமுன் அகற்றவும்' என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்த எழுத்தின் மேலேயே பசை அழகாகப் பரவியிருந்தது.

உரித்தேன். பழைய பசையைத் துடைத்து, மிச்சப் பசையைத் தடவித் திரும்பப் பூட்டினேன். அறுபத்தேழு பாகை. சோறு வேகுமுன் தாலி கட்டி, அறுகரிசி போட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிவிட்டார்கள்.

கணவர் வந்ததும் அந்தத் தாளை மேசையில் அவருக்கு முன்னால் வைத்தேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உது இருந்தாலும் கொஞ்சம் கடத்தும்தான்" என்றார்.

"ஓம், இருபது வருசமாய்ப் படிப்பிக்கிறியள், உங்களுக்குத் தெரியும்தானே" என்றுவிட்டுச் சோறு போட்டேன்.

பக்கமூடி இன்னும் அலுமாரிக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. பெட்டியின் திறந்த பக்கத்துக்கு நுளம்புவலைத் துண்டொன்று கட்டியிருக்கிறேன். அளந்தது நான் என்பதால், அந்தக் கதையை வீட்டில் நானாக எடுப்பதில்லை.