இடது பக்கம் பிளஸ் ஆறு

வாடிக்கையாளர் பெயர் போனில் வந்தாலே என்ன தப்பு செய்துவிட்டேனோ என்று பயப்படுவேன். திருத்தணியில் இருபத்தாறு வருடமாக ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் வேலை பார்க்கிறேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மெஷினோடு வரும் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் எங்கே கோளாறு என்றாலும் முதலில் என்னையே சந்தேகப்படுவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அன்று காலையில் கூப்பிட்டவர் பொதட்டூர்பேட்டை முனிரத்தினம். பவர்லூம் வைத்து லுங்கி நெய்கிறவர்.

"இன்னாபா மாட்டிட்டுப் போன? பாட்டு மொத்தமும் வலது பக்கமா ஒதுங்கிகினு கீது. இடது பக்கத்து கிடார்காரன் லீவு போட்டுட்டானா?"

அவர் வீட்டு மாடி அறையில் ஐந்து ஸ்பீக்கரும், அடிச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும் மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

1. ஆறு பெட்டியும் பாடணும்

எங்கள் பக்கத்தில் ஹோம் தியேட்டர் வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கத்துப் பெட்டியில் காதை வைத்துப் பார்ப்பார்கள். சத்தம் வரவில்லை என்றால், "இது டம்மியா?" என்பார்கள். இதற்குப் பயந்து எல்லா மெக்கானிக்கும் 'ஆல் சேனல்' பட்டனை அழுத்திவிட்டுத்தான் கிளம்புவோம். ஒரே சத்தம் ஆறு பெட்டியிலும் வரும். காசு கொடுத்தவருக்குத் திருப்தி.

முனிரத்தினம் நைனா வீட்டிலும் மாட்டிய அன்று அதைத்தான் செய்தேன். எங்கள் பக்கம் தெலுங்கு கலந்த பேச்சு, பெரியவர்களை நைனா என்போம். அவர் உடனே அதை அணைக்கச் சொல்லிவிட்டு, தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்து ஒரு டிஸ்க்கைப் போட்டார். பழைய இங்கிலீஷ் ராக் ஆல்பம். அந்தக் காலத்து டேப்பில் இருந்த வாத்தியங்களைத் தனித்தனியாக எடுத்து, சுற்றிலும் பெட்டி வைத்துக் கேட்கிற சரவுண்டுக்காகப் புதிதாக மிக்ஸ் செய்தது. வெளிநாட்டில் இருக்கும் மகள் அனுப்பியிருந்தாள். இளவயதில் சென்னையில் துணிக் கம்பெனியில் இருந்தபோது இதே ஆல்பத்தைக் கேசட் தேயத் தேயக் கேட்டவராம்.

எனக்குப் பாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. முன்னால் டிரம்ஸ். நடுப் பெட்டியில் பாடுகிறவர். அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இடது பின்பக்கம் ஒரு கிடார். விரல் கம்பியில் வழுக்குகிற கீச்சுச் சத்தம் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. வலது பின்பக்கம் ஆர்கன். கிடார் ஒன்று கேட்க, ஆர்கன் பதில் சொல்ல, நடுவில் நான். கேசட்டில் இந்த இரண்டு பேரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்துகொண்டிருப்பார்கள் என்றார் நைனா. இன்னொரு பாட்டில் டிரம்ஸ் தலையைச் சுற்றி வட்டமடித்தது. அது சும்மா வித்தை காட்டுகிற மாதிரி இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. பின்னாலிருந்து திடீரென்று கோரஸ் வந்தபோது நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

"அப்பிடித் திரும்பினியே, அதுக்குதான்பா துட்டு" என்று சிரித்தார்.

2. பிளஸ் ஆறு

போன் வந்த அன்றே பஸ் பிடித்துப் போனேன். ஒயரை எல்லாம் பிடுங்கி மாட்டினேன். டெஸ்ட் டோன் என்று ஒன்று உண்டு. 'உஸ்' என்ற சத்தம் ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றி வரும். ஐந்திலும் ஒரே அளவாகத்தான் எனக்குக் கேட்டது. இடது பெட்டிகளை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்போதும், "இடதுல வரலபா" என்றார்.

நான் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவர் படித்தவர், அந்த ஆல்பத்தில் ஊறியவர். அவர் காது சொன்னதை விட்டு என் காதை நம்ப எனக்குத் தைரியமில்லை. எல்லாப் பெட்டிக்கும் சத்தம் அனுப்புகிற ரிசீவரில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி லெவல் உண்டு. நடுவில் சைபர், ஏற்றினால் பிளஸ், இறக்கினால் மைனஸ். இடது பக்கம் இரண்டையும் பிளஸ் ஆறுக்கு ஏற்றினேன்.

"ஆங்! வந்துட்டான்பா கிடார்காரன்!"

அவர் வாயிலிருந்து 'ஆங்' வந்துவிட்டது, அது போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

3. நாற்காலியைத் திருப்பியது

எட்டாம் நாள் மறுபடியும் போன். "பிளஸ் ஆறு பத்தலபா. இன்னும் ஏத்து."

பஸ்ஸில் போகும்போதே ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். ரிசீவர் போய்விட்டதோ, நான்தான் ஒயரை ஷார்ட் பண்ணிவிட்டேனோ? இந்தத் தடவை முதலில் அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கிடார் சத்தம் பாடுகிறவரையே அமுக்கிக்கொண்டிருந்தது. லெவலை எல்லாம் சைபருக்குக் கொண்டுவந்தேன். பிறகு நாற்காலியைப் பின்சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, அவரை உட்காரச் சொன்னேன்.

"இன்னாபா, சாமிக்கு முதுகு காட்டி உக்கார வெக்கற?" என்றபடி உட்கார்ந்தார். இப்போது இடது பெட்டிகள் அவருடைய வலது கைப்பக்கம் இருந்தன.

"அட, கிடார் ஜோரா கேக்குதே! ஆர்கன்காரன் எங்க பூட்டான்?"

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "நைனா, கோளாறு பெட்டியில இல்லீங்க. நீங்க திரும்பினா அதுவும் உங்ககூடவே திரும்புது. இடது காதைக் கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டுங்க."

அவர் முகம் மாறியது. "ஸ்பீக்கர் மாட்ட வந்தவன் என் காதைப் பாக்கறியா? முப்பது வருசமா தறிச் சத்தத்துலயே நிக்கறேன். இரும்புக் காதுபா இது."

காபியோடு வந்த அவர் மனைவி லலிதம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "பாவா, அவரை ஏன் வையறீங்க? பத்து நாளா போனைக்கூட வலது காதுலதான் வெச்சிக்கறீங்க. இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பறதே இல்ல."

"நீ கூப்ட்டு நான் என்னிக்குத் திரும்பினேன்?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் இடது காதைக் கையால் மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். வித்தியாசம் தெரியவில்லை போலிருக்கிறது. பாட்டை நிறுத்தச் சொன்னார்.

மறுநாளே திருவள்ளூரில் காது டாக்டரிடம் போனார்கள். திடீரென்று நரம்பில் வருகிற கோளாறாம். தறிச் சத்தத்தால்தான் வந்தது என்றும் சொல்ல முடியாதாம். "மொத ரெண்டு மூணு நாள்லயே வந்திருக்கணும்னு திட்டினாருபா" என்று லலிதம்மா போனில் சொன்னார். நடுவில் போன எட்டு நாளும் நான் ஏற்றி வைத்த பிளஸ் ஆறில் போனவை.

மருந்து முடிந்து, ஒன்றரை மாதம் கழித்து நைனா என்னை வரச் சொன்னார். இடது காது பாதிக்குமேல் கேட்க ஆரம்பித்துவிட்டது, முழுக்க இல்லை. உள்ளே நுழைந்ததும், "எட்டு நாள் என்னால போச்சு நைனா" என்றேன்.

"நீ நாற்காலியத் திருப்பலன்னா எம்பது நாள் போயிருக்கும். உக்காரு." டிஸ்க்கைப் போட்டார். "கிடார்காரன் வரான். ஆனா கொஞ்சம் எட்டத்துல உக்காந்துகினு வாசிக்கறான். ஒரு ரெண்டு ஏத்தேன்பா."

இரண்டு ஏற்றினேன். ஏற்றிவிட்டு ஒரு ஸ்டிக்கரில் 'இடது பிளஸ் 2, காதுக்காக' என்று எழுதி, தேதி போட்டு, ரிசீவர்மேல் ஒட்டினேன். இப்போது எந்த வீட்டில் லெவலை மாற்றினாலும் ஏன் மாற்றினேன் என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் வருகிறேன். காரணம் எழுத வரவில்லை என்றால் மாற்றுவதில்லை.

நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். "இன்னாபா, பெட்டிக்கு மெடிக்கல் சர்ட்டிபிகேட்டா? நாளைக்கு எனக்கு மூணு வேணும்னா?"

"மூணு வேணும்னா எனக்குப் போன் பண்ணாதீங்க நைனா. டாக்டருக்குப் பண்ணுங்க."