நடைவழிப் பைப்

தீயணைப்பு நிலையத்தில் அவருக்குப் பெயர் ஏணி. ஆறடி இரண்டு அங்குலம். அந்த உயரத்தால் வீட்டில் காலணா பிரயோஜனம் கிடையாது. குளியலறைக்குப் போகும் நடைவழியில், இரண்டு சுவருக்கும் குறுக்கே ஒரு இரும்புப் பைப். வாரம் இரண்டு முறையாவது அதில் நெற்றியை இடித்துக்கொள்வார். பக்கவாதத்தில் வலது பக்கம் செயலற்றுப் போன மனைவி, இடது கையால் பிடித்துக்கொண்டு குளியலறைப் படியில் ஏறி இறங்க அவரே பொருத்தியது அது. அவள் குள்ளம். அதனால் பைப்பும் தாழ்வு.

அவள் போய் எட்டு மாதம். அவருக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். உப்பில்லாவிட்டால் தெரியாது. சைரன் அடித்ததும் ஓடி வண்டியில் தொற்றிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடம் மட்டும், உடம்புக்குள் ஆள் இருப்பது போலிருக்கும்.

அதற்கும் வந்தது வேட்டு. வருடாந்திர உடற்தகுதித் தேர்வில், கம்பியில் தொங்கி மோவாய் வரை ஏறும் புல்-அப்ஸ் பத்து எடுக்க வேண்டும். முடியாதவர்கள் வண்டியை விட்டு இறங்கி போன் மேசைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பத்து நிமிடமும் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

நிலையத்தில் பழகலாம் என்றால், அங்கே தூண்களுக்கு நடுவே மாட்டியிருந்த பழைய குழாய், பிடித்தால் உருளும். எனவே வீட்டுப் பைப்பே கதி. கால் தரையில் இடிக்காமலிருக்க முழங்காலை வயிறு வரை மடக்கிக்கொண்டு ஏறுவார். கைகள் இரண்டும் ஓரத்தில் இருக்கும். நடுவில், பெயிண்ட் தேய்ந்து பளபளக்கும் இடத்தைத் தொடமாட்டார். ஏன் என்று அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"பன்னெண்டுப்பா!" என்று மகள் சமையலறையிலிருந்து எண்ணுவாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு குளிக்கப் போவார். சந்தோஷமும் இல்லை, சலிப்பும் இல்லை.

தேர்வு நாளில் மைதானத்துக் கம்பி நல்ல உயரம். தாவிப் பிடித்தார். ஏறினார். முழங்கால் தானாக வயிற்றுக்கு வந்துவிட்டது.

"அண்ணே, காலை நீட்டுங்க. மடக்கினா கணக்குல வராது" என்றார் அதிகாரி. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

நீட்டினார். அடுத்த முறையும் மடங்கியது. பதினாலு முறை ஏறியதில் தேறியது மூன்று. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நடைவழிப் பழக்கம் மைதானம் வரைக்குமாவது வந்தது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் உதட்டால் சிரித்து வைத்தார்.

"ஒரு மாசம் டைம் தர்றேண்ணே. உயரமான கம்பியில பழகுங்க. அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைப்பைக் கழற்றினார்கள். அவர் ஸ்டூலில் ஏறி ஒரு முனையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். நாற்காலியில் நின்று மகள் மறுமுனையைப் பிடித்தாள்.

"இன்னும் மேலப்பா. கால் நீட்டணும்ல?"

உயர்த்தினார். பென்சிலால் கோடு போட்டார். கோட்டைப் பார்த்தவர், பல நாள் யோசித்த விஷயம் போலச் சாதாரணமாகக் கேட்டார்:

"இவ்வளவு மேல வெச்சா அம்மாவுக்கு எப்படிம்மா எட்டும்?"

மகள் தன் பக்க முனையை மெல்ல இறக்கினாள்.

"எட்டாதுப்பா" என்றாள்.

அவர் இறங்கினார். குளியலறைப் படியில் உட்கார்ந்து பைப்பை மடியில் வைத்துக்கொண்டார். தேய்ந்த இடத்தில் கையை வைத்ததும் வாய்விட்டு அழுதார். எட்டு மாத அழுகை, வாசல் வரை கேட்டது.

மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுகை ஓய்ந்த பிறகு அவளே ஸ்டூலில் ஏறி, அவர் போட்ட கோட்டில் துளை போட ஆரம்பித்தாள்.